நோக்கம்: திருவிழா பார்த்தல்

1

ஊரிலிருந்து இந்தக் குறிப்புகளை வாசிக்கிறவர்களில் பாதிப் பேருக்கு என்னைத் தெரியும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நான் ஆறாம் வகுப்போடு புத்தகத்தை மூடி வைத்தவன். ஜெர்மனிக்கு வந்து இறங்கியபோது என்னிடம் இருந்தது ஒரு சூட்கேஸ், அதற்குள் மூன்று சேர்ட்டு. மற்றது என்னுடைய வாய். அந்த வாயை வைத்துக்கொண்டுதான் இன்றைக்கு டோர்ட்மண்டில் இரண்டு கடை நடத்துகிறேன். இந்தப் பக்கத்தில் முதன்முதலாக முருங்கைக்காய் இறக்கி விற்றவன் நான். ராசண்ணையின் கடை எங்கே என்று கேட்டால் பஸ் தரிப்பில் நிற்கிற ஜெர்மன்காரியும் கையைக் காட்டுவாள். உழைத்து எழும்பினவன் அதைச் சொல்லக் கூச்சப்படத் தேவையில்லை.

ஆனால் ஒன்றை இதுவரை சொன்னதில்லை. நான் எழுதி அனுப்பின எல்லாவற்றையும் திருத்தித் தந்தவன் குலம். குலசிங்கம் என்று முழுப்பெயர். ஊரில் கணித வாத்தியாராக இருந்தவன், என்னைவிட நாலு வயது இளையவன். நான் எழுதினதை வுப்பர்டாலில் இருக்கிற அவனுக்கு அனுப்புவேன். இரண்டு நாளில் தொலைபேசி எடுப்பான்.

“ராசண்ணை, இதிலை நீங்கள் கெட்டிக்காரன் எண்டு ஏழு இடத்திலை வருது. மூண்டு காணும்.”

“நாலாவது விடு, வாத்தி.”

“சரி, நாலு.”

முந்தாநாள் காலை வுப்பர்டால் ஆஸ்பத்திரியில் குலம் செத்துப்போனான். ஆகவே இந்தக் குறிப்பில் எழுத்துப் பிழை இருக்கும். என்னைப் பற்றியும் ஏழு இடத்தில் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

குலம் கலியாணம் செய்யவில்லை. இங்கே அவனுக்கு உரித்தென்று ஒருவருமில்லை. இந்த நாட்டில் செத்த ஆளுக்கும் கடதாசி வேண்டும்: பிறப்புப் பத்திரம், கடவுச்சீட்டு, வதிவிடப் பதிவு. அது எல்லாம் கொடுத்தால்தான் எரிக்க விடுவார்கள். எரிக்கிறதற்கு ‘தெர்மின்’, அதாவது குறித்த நாள், எங்களுக்கு அடுத்த வியாழக்கிழமைதான் கிடைத்தது. நேற்றுக் காலை நானும் மனைவி சரசுவும் அவனுடைய வீட்டைத் திறந்து கடதாசி தேடப் போனோம்.

தேடவே தேவையிருக்கவில்லை. அலுமாரியில் ஆண்டு எழுதி ஒட்டின கோப்புகள் வரிசையாக நின்றன. கணித வாத்தி அல்லவா. எண்பத்தாறு என்று எழுதின கோப்பு மட்டும் மற்றவற்றைவிட மெல்லியதாக இருந்தது. அதில் மூன்றே மூன்று தாள். இரண்டு தாள், அகதி விண்ணப்பம் போட்டவர்கள் தங்கள் மாவட்டத்தை விட்டு வெளியே போக அந்தக் காலத்தில் கொடுத்த அனுமதிச் சீட்டு. பெயர், திகதி, முத்திரை. கீழே ‘பயணத்தின் நோக்கம்’ என்ற இடத்தில் ஜெர்மனில் தட்டெழுத்தில் இருந்தது: திருவிழா பார்த்தல். மூன்றாவது, ஒரு கடிதம். அது என்ன கடிதம் என்று எனக்குத் தெரியும். நான் அதை விரிக்கவில்லை.

வீட்டுக்குத் திரும்பி வரும்போது என் கைத்தொலைபேசியில் மகளுடைய படங்கள் வந்து விழுந்தன. மகள் சிந்துஜா, எங்களுக்கு ஒரே பிள்ளை, ஹம்பேர்க்கில் வேலை. கூடப் படித்த இரண்டு ஜெர்மன் பிள்ளைகளோடும் ஒரு துருக்கிப் பிள்ளையோடும் ஜப்பானுக்குப் போயிருக்கிறாள். பெரிய நகரங்களை விட்டுவிட்டு, மலைப்பக்கத்துச் சின்னப் பட்டணங்களாகப் பார்த்து ரயிலில் போகிறார்கள். அங்கே இது கோடைத் திருவிழாக் காலமாம், ஒவ்வொரு பட்டணத்திலும் ஒவ்வொரு நாள். நாலு பேரும் பூப்போட்ட நீளச் சட்டை கட்டி, மரச்செருப்புப் போட்டு, வரிசையாகத் தொங்குகிற கடதாசி விளக்குகளுக்குக் கீழே நிற்கிறார்கள். எங்கள் வெசாக் கூடு மாதிரி விளக்குகள். கீழே ஜெர்மனில் எழுதியிருந்தாள். எனக்கு விளங்கின அளவில், இன்றைக்குக் கடைசி நாள், ஆற்றில் விளக்கு விடுவார்கள், உங்களுக்குப் பன்னிரண்டு மணியாகும்போது எடுத்துக் காட்டுகிறேன்.

சரசு படத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

“பிள்ளைக்கு இப்ப சொல்லாதேங்கோ.”

“குலம் அவளுக்குச் சொந்த மாமன் மாதிரி, சரசு.”

“அதுக்குத்தான் சொல்லுறன். ஞாயிற்றுக்கிழமை வந்திடுவாள். எரிக்கிறது வியாழன். நிண்டுதானே பாக்கப்போறாள். இப்ப சொல்லி என்ன, அவளவை வருசக்கணக்காச் சேத்துவைச்சுப் போன பயணம். கேட்டாளெண்டா மாமாவுக்கு வருத்தம் கொஞ்சம் கடுமை எண்டு சொல்லுங்கோ. மிச்சத்தை வந்தாப்பிறகு பாப்பம்.”

சரசு சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் அந்தக் கடுமை என்ற சொல்லைக் கேட்டதும் நான் கதிரையில் இருந்துவிட்டேன். பன்னிரண்டு மணிக்கு இன்னும் ஒன்றரை மணித்தியாலம் இருந்தது.

3

எண்பத்தாறில் நாங்கள் டோர்ட்மண்டில் இல்லை. தெற்கே மலைப்பக்கத்தில் ஒரு சின்னப் பட்டணத்தில், மூடிப்போன ஒரு சாப்பாட்டுக் கடைக்கு மேலே எங்களை வைத்திருந்தார்கள். அதற்குப் பெயர் ‘ஹைம்’. ஒரு அறையில் மூன்று பேர்: நான், குலம், பற்றிக். பற்றிக் பாசையூர்க் கடற்கரைப் பெடியன், எந்த நேரமும் பகிடி. வேலை செய்ய அனுமதி இல்லை, மாவட்ட எல்லையைத் தாண்ட அனுமதி இல்லை. எல்லை என்றால் பஸ்ஸில் இருபது நிமிடம். அந்த மூன்று பேரில் முதலில் ஜெர்மன் பேசத் தொடங்கினவன் நான்தான். குலம் இலக்கணப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு இருந்தான், நான் இறைச்சிக் கடைக்காரியோடு கதைத்துக் கதைத்தே பிடித்துவிட்டேன்.

குலத்துக்கு ஒரு தம்பி, ரவீந்திரன். நாங்கள் ரவி என்போம். இருபத்தாறு வயது. ஒன்றாகத்தான் விமானத்தில் வந்தார்கள். ஆனால் பிரித்துப் போடும்போது தம்பியை வடக்கே வேறொரு பட்டணத்துக்கு அனுப்பிவிட்டார்கள். சும்மா இருக்க ஏலாத பெடியன். அந்த வருடம் வசந்தத்தில், திருவிழாக்களுக்கு இராட்டினம் கொண்டு திரிகிற ஒரு குடும்பத்தோடு சேர்ந்து களவாக வேலைக்குப் போய்விட்டான். ஒரு தபாலட்டை மட்டும் வந்தது. சங்கிலியில் கதிரைகள் தொங்கிச் சுற்றுகிற ஒரு இராட்டினத்தின் படம். பின்னால், ‘அண்ணை, நான் சுகம். நாளுக்கொரு திருவிழா. அம்மாவுக்கு எழுதும்போது படிக்கிறன் எண்டு எழுதுங்கோ.’

ஆவணியில் ஒரு வியாழக்கிழமை யாழ்ப்பாணத்திலிருந்து சித்தி எழுதின கடிதம் வந்தது. குலம் அதைக் கட்டிலில் இருந்து வாசித்தான். பிறகு மடித்தான். பிறகு சுவரில் இருந்த கலண்டரைப் பார்த்து விரலால் எண்ணினான்.

“இண்டைக்குப் பதினெட்டாம் நாள்,” என்றான்.

அவனுடைய தாய் செத்துப் பதினெட்டாம் நாள். கடிதம் வர அவ்வளவு நாள். அவன் அழவில்லை. முப்பத்தோராம் நாளுக்கு இன்னும் எத்தனை என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தியேட்டி அன்றைக்குத் தாய்க்குச் செய்யவேண்டியதை இரண்டு பிள்ளைகளும் சேர்ந்து செய்யவேண்டும். அங்கே போக வழியில்லை, இங்கேயாவது செய்யவேண்டும். அதற்கு ரவிக்குத் தெரியவேண்டும். ரவி எங்கே நிற்கிறான் என்று ஒருவருக்கும் தெரியாது.

பற்றிக் சொன்னான், “மாஸ்டர், அவன் திருவிழாவிலை நிக்கிறான். நாங்கள் எல்லாத் திருவிழாவுக்கும் போவம்.”

4

அனுமதிச் சீட்டு எடுக்க நான்தான் முன்னுக்குப் போனேன். காரணம் கேட்பார்கள். தம்பியைத் தேட என்று சொன்னால் தம்பி எங்கே, ஏன் அவனுடைய இடத்தில் இல்லை, வேலை செய்கிறானா என்று வரும். அவனைப் பிடித்துக் கொடுத்ததாக முடியும். எனவே கண்ணாடி போட்ட அந்த மனிதரிடம், நாங்கள் மூன்று பேரும் உங்கள் நாட்டுத் திருவிழா பார்க்க ஆசைப்படுகிறோம் என்றேன். அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. இதுவரை எந்த அகதியும் அவரிடம் அப்படிக் கேட்டதில்லையாம். வெள்ளி, சனி, ஞாயிறு, மூன்று நாள். டக்கு டக்கென்று முத்திரை விழுந்தது.

தாய் செத்துத் துடக்கோடு இருக்கிறவன். ஊரில் என்றால் கோயில் வாசலையும் மிதிக்கமாட்டான், ஒரு கலியாண வீட்டுப் பக்கம் போகமாட்டான். அவனுடைய சட்டைப் பையில் திருவிழா பார்க்கிறதற்கு அரசாங்க முத்திரை. குலம் அதை இரண்டு தரம் வாசித்துவிட்டு மடித்து வைத்தான்.

அந்தப் பக்கத்து ஊர்களில் கோடை முழுக்கத் திருவிழாதான். ஒவ்வொரு ஊரிலும் துப்பாக்கிச் சங்கம் என்று ஒன்று இருக்கும். ஆண்கள் பச்சைக் கோட்டுப் போட்டு, தொப்பியில் இறகு குத்தி, பாண்ட் வாத்தியத்தோடு ஊர்வலம் போவார்கள். உயரத்தில் ஒரு மரப்பறவையைக் கட்டி முறை வைத்துச் சுடுவார்கள். யார் சுட்ட வெடியில் கடைசித் துண்டு விழுகிறதோ, அவன் அந்த வருடத்துக்கு ராசா. இது எல்லாம் எங்களுக்குப் பிறகு தெரிந்தது. முதல் ஊரில் ரயிலால் இறங்கி நடக்கிறோம், திடீரென்று வெடிச்சத்தம். மூன்று பேரும் ஒரு வீட்டு மதிலுக்குப் பின்னால் நிலத்தோடு கிடந்தோம். குலம் என் சேர்ட்டைப் பிடித்திருந்தான். பூமரத்துக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த ஒரு கிழவி வந்து எங்களை எட்டிப் பார்த்தாள்.

பற்றிக் கிடந்தபடியே கேட்டான், “ராசண்ணை, நீங்கள்தானே ஜெர்மன்காரன். ஆர் ஆரைச் சுடுறாங்கள் எண்டு கேளுங்கோ.”

நான் கேட்டேன். கிழவி, பறவை, பறவை என்று கையை இறகு மாதிரி அடித்துக் காட்டினாள். பற்றிக் எழும்பி மண்ணைத் தட்டிக்கொண்டு, “இவங்களுக்குச் சுட ஆக்கள் இல்லாமல் பலகையிலை செய்து வைச்சுச் சுடுறாங்கள்,” என்றான். குலம் அன்றைக்குத்தான், கடிதம் வந்த பிறகு முதல் தரமாக, சிரித்தான்.

அந்த மூன்று நாளில் மூன்று ஊர். குழந்தைகள் ஏறுகிற மரக்குதிரை இராட்டினம் இருந்தது, மோதுகிற கார் இருந்தது, சங்கிலி இராட்டினம் இல்லை. சொசேஜ் சுடுகிறவர்கள், பஞ்சு மிட்டாய் விற்கிறவர்கள் எல்லோரிடமும் நான் தபாலட்டையைக் காட்டிக் கேட்டேன். இரவில் ரயில் நிலையத்து வாங்கில் படுத்தோம். ஞாயிறு பின்னேரம் பாதாம் வறுக்கிற ஒரு பெண் படத்தைப் பார்த்துவிட்டு, இவர்கள் அடுத்த கிழமை இன்ன ஊரில் என்று ஒரு கடதாசிப் பையில் எழுதித் தந்தாள். அதைக் கண்டுபிடித்தது என் வாய்தான். அதிலே எனக்கு இன்றைக்கும் பெருமை உண்டு. பெருமை அதோடு முடிந்துபோனது.

5

அடுத்த கிழமையும் சீட்டுக் கிடைத்தது. கண்ணாடிக்காரர், பிடித்துப்போய்விட்டதா என்று கேட்டுச் சிரித்தார். சனிக்கிழமை பின்னேரம், இருபத்தேழாம் நாள், நாங்கள் ரவியைக் கண்டோம்.

வெயில் நன்றாக எறித்துக்கொண்டிருந்தது. இராட்டினத்தின் நடுமேடையில் நின்று, கறுத்த பெனியனோடு, கதிரைகளின் சங்கிலியைப் பூட்டிப் பூட்டி வந்தான். எங்களைக் கண்டதும் சனத்துக்குள்ளால் பாய்ந்து வந்து அண்ணனைக் கட்டிப்பிடித்தான். வடிவாகச் சதை பிடித்து, ஒரு ஆம்பிளையாக வந்திருந்தான்.

“அண்ணை, என்ன தாடி? வாத்திவேலை போனாப்போலை சாமியாராப் போறியளோ?”

குலம் என்னைப் பார்த்தான். அவன் சொல்லக்கூடாது என்பது வழியில் நாங்கள் பேசி வைத்தது. நான் சொல்வதாக ஏற்பாடு.

இதை நீங்கள் விளங்கிக்கொள்ள வேண்டும். எங்கள் பக்கத்தில் சாவை நேரே சொல்லுகிற வழக்கம் இல்லை. கொழும்பில் வேலை பார்க்கிற மகனுக்குத் தந்தி அடித்தால் ‘தாய்க்குக் கடுமை, உடனே வா’ என்றுதான் அடிப்பார்கள். அவன் கோட்டையில் மெயில் ரயில் ஏறுவான். அனுராதபுரம் கழிய அவனுக்கு ஒரு சந்தேகம் வரும். பளை வரும்போது அழத் தொடங்குவான். வீட்டு ஒழுங்கையில் திரும்பிப் பந்தலைக் காணும்போது சாவு அவனுக்குப் பாதி பழகியிருக்கும், விழுந்தால் பிடிக்க நாலு பேர் நிற்பார்கள். ஆளைக் கொல்லாமல் சொல்லுகிற வழி அது. ஊரில் சாவு சொல்லப் போக என்னைத்தான் அனுப்புவார்கள். அதிலே நான் தேர்ந்தவன். எங்கள் திட்டமும் அதுதான். கடுமை என்று சொல்லி அறைக்குக் கூட்டிக்கொண்டு வருவது, சாப்பிடக் கொடுப்பது, நாங்கள் எல்லோரும் சுற்றி இருக்கச் சொல்லுவது.

ரவி எங்களைக் காசு வாங்காமல் இராட்டினத்தில் ஏற்றினான். பற்றிக்கும் நானும் ஏறினோம். குலம் எங்கள் பைகளைப் பிடித்துக்கொண்டு கீழே நின்றான். மேலே போனதும் அந்த ஊர் முழுக்கத் தெரிந்தது, கோதுமை வயல், தேவாலயக் கோபுரம், பச்சைக் கோட்டுக்காரர். ஒவ்வொரு சுற்றிலும் குலம் ஒருக்கால் வந்து போனான். இறங்கியதும் ரவி சுடச்சுடப் பாதாம் வாங்கி எல்லோருடைய கையிலும் வைத்தான். பிறகு கேட்டான்:

“அம்மா கடிதம் போட்டவவோ?”

நான் சொன்னேன், “கடிதம் வந்தது, தம்பி. அம்மாவுக்குக் கொஞ்சம் கடுமையாம்.”

அவனுடைய முகம் மாறிவிட்டது. “என்ன செய்யுது?”

“வயது போன ஆக்கள்தானே. நீ ஒருக்கா எங்கடை இடத்துக்கு வா. கதைப்பம்.”

“எப்ப வந்த கடிதம்? ஆர் எழுதினது? அண்ணை, நீங்கள் ஏன் பேசாமல் நிக்கிறியள்?”

குலம் நிலத்தைப் பார்த்தபடி, “ராசண்ணை சொல்லுறார்தானே,” என்றான்.

திங்கட்கிழமைதான் திருவிழா முடியும், இராட்டினத்தைக் கழற்றி ஏற்ற வேறு ஆளில்லை, செவ்வாய் வரட்டோ என்று கேட்டான் ரவி. செவ்வாய் முப்பதாம் நாள். போதும். நாங்கள் ஞாயிறு இரவுக்குள் திரும்பாவிட்டால் அடுத்த சீட்டுக் கிடைக்காது. நான் தலையை ஆட்டி, “ஒரு அவசரமுமில்லை, ஆறுதலா வா,” என்றேன்.

இந்த இடத்தை நான் எத்தனையோ தரம் யோசித்திருக்கிறேன். எங்களுக்கு அவசரம் இல்லைதான். மனிசி செத்து இருபத்தேழு நாள். ஆனால் அவனுக்கு அவள் அந்த நேரத்தில் கட்டிலில் உயிரோடு கிடந்தாள். நான் அல்லவா அவளை எழுப்பி அந்தக் கட்டிலில் கிடத்தினேன். கடுமை என்று கேட்ட பிள்ளை என்ன செய்யும் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ரயில் ஏறும். ஊரில் அந்த ரயில் செத்த வீட்டுக்குப் போய் நிற்கும். இங்கேயிருந்து அது எங்கே போய் நிற்கும் என்று அந்தப் பெரிய வாய்க்காரனுக்கு உறைக்கவில்லை.

6

செவ்வாய் பின்னேரம் மூன்று பேரும் பஸ் தரிப்பில் நின்றோம். ஆறு பஸ் வந்தது. ரவி வரவில்லை. புதன்கிழமை குலம் தனியனாகத் தலையை மழித்து, ஹைமுக்குப் பின்னால் ஓடுகிற வாய்க்காலில் இறங்கித் தாய்க்குச் செய்யவேண்டியதைச் செய்தான். ஐயர் இல்லை, எள்ளு இருந்தது. பாண் வாங்கிக்கொண்டு போன ஒரு பெண் நின்று பார்த்துவிட்டுப் போனாள்.

வெள்ளிக்கிழமை பிராங்பேர்ட் முத்திரையோடு கடிதம் வந்தது. அதுதான் நேற்று நான் விரிக்காமல் வைத்த கடிதம். விரிக்கத் தேவையில்லை, எனக்குப் பாடம்.

‘அண்ணை, கோவியாதேங்கோ. செவ்வாய் வாறன் எண்டு சொன்னனான். அதுக்குள்ளை அம்மாவுக்கு ஒண்டு நடந்திட்டா பிறகு நான் ஆரைப் பாக்கிறது? அகதி விண்ணப்பத்தைத் திரும்ப எடுக்கிறன் எண்டு கையெழுத்து வைச்சன். ஒரு காலமையிலை பாஸ்போட்டைக் கையிலை தந்திட்டாங்கள். இராட்டின முதலாளி தன்ரை காரிலை கொண்டுவந்து விட்டவர். அம்மாவுக்கு ஒரு கம்பளிச் சால்வை வாங்கியிருக்கிறன். உங்களை மாதிரிப் பொறுமை எனக்கில்லை. நான் அம்மாவைப் பாத்திட்டு எழுதுறன்.’

உள்ளே வர மூன்று வருடமாக இழுத்த கடதாசி, வெளியே போக ஒரு காலையில் முடிந்துவிட்டது. நாங்கள் வாய்க்காலில் நின்ற அதே நேரம் அவன் விமானத்தில் இருந்திருக்கிறான்.

அவன் வீடு போய்ச் சேரவில்லை. கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் போகிற பஸ்ஸில் ஏறினதைக் கண்டவர்கள் உண்டு. வவுனியாவுக்கு அங்கால் பஸ்ஸை மறித்து நாலைந்து இளந்தாரிகளை இறக்கினதாகச் சித்தி எழுதினா. யார் இறக்கினது என்று மூன்று விதமாகச் சொன்னார்கள். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. குலம் எழுதாத இடம் இல்லை. செஞ்சிலுவையிலிருந்து பாராளுமன்றம் மட்டும் எழுதினான். காணாமல் போனவர் என்ற பதிலைத் தவிர ஒன்றும் வரவில்லை.

அவன் அதற்குப் பிறகு ரவிக்கு ஒரு திவசம் செய்யவில்லை. ஒரு விளக்கு வைக்கவில்லை. ரவியைப் பற்றிப் பேசினால் ‘இருக்கிறான்’ என்றும் சொல்லமாட்டான், மற்றச் சொல்லையும் சொல்லமாட்டான். பெண் பேசினபோதெல்லாம், தம்பி வரட்டும், பிறகு பாப்பம் என்றான். வதிவிட அனுமதி கிடைத்ததும் வுப்பர்டாலுக்குப் போனான், நான் டோர்ட்மண்டுக்கு வந்தேன். நான் கடை போட்டேன், உயர்ந்தேன். என்னை அவன் ஒரு நாளும் குற்றம் சொல்லவில்லை. ஒரு சொல் ஏசியிருந்தால் நான் காலில் விழுந்திருப்பேன். அந்த வசதியை அவன் எனக்குத் தரவில்லை.

ஒரே ஒரு தரம் சொன்னான். சிந்துஜாவுக்கு அப்போது ஒன்பது வயது. ஞாயிறுகளில் அவன் வந்து அவளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பான். நானும் தமிழ் எழுத்துச் சொல்லிக்கொடுக்கப் பார்த்தேன், அவள் பிடிகொடுக்கவில்லை, எனக்கும் கடைவேலை. அவள் வளர்த்த வெள்ளெலி செத்துவிட்டது. நான் அதை வெளியே கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு, ஓடிவிட்டது என்று சொன்னேன். அவள் இரண்டு நாளாகக் கட்டிலுக்குக் கீழே கரட் துண்டு வைத்துக்கொண்டு இருந்தாள். ஞாயிறு குலம் வந்தான். அவளைப் பக்கத்தில் இருத்தி, “பிள்ளை, அது செத்துப்போச்சு. அப்பா தாட்டவர். வா, இடத்தைக் காட்டச் சொல்லுவம்,” என்றான். பிள்ளை குழறி அழுதாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

“குழந்தையிட்டை ஏன் அப்பிடிச் சொன்னனீ?”

குலம் சப்பாத்துக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். நிமிரவில்லை.

“உள்ளதைச் சொன்னால் ஆள் இருந்த இடத்திலை இருந்து அழும், ராசண்ணை,” என்றான். “எங்கையும் வெளிக்கிட்டுப் போகாது.”

7

பன்னிரண்டு மணிக்கு மகள் எடுத்தாள். சரசு எனக்கு முன்னால் நின்று தலையை ஆட்டி, வேண்டாம் என்று காட்டினாள். திரையில் ஒரு ஆறு. கரை முழுக்கச் சனம், இருட்டத் தொடங்கியிருந்தது, எங்கேயோ மேளம் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

“அப்பா, பாருங்கோ. செத்தவை இந்தக் கிழமை வீட்டை வந்திட்டு, இண்டைக்குத் திரும்பிப் போயினமாம். அவைக்கு வழி தெரிய இந்த விளக்கு. பேர் எழுதி விடுகினம். வடிவு என்ன?”

“வடிவு.”

“மாமா என்ன சொல்லுறார்? படம் அனுப்பினன், பாக்கேல்லை. இன்னும் ஆஸ்பத்திரியிலையோ?”

சரசு என் கையைப் பிடித்தாள். எனக்கு வாயில் அந்தச் சொல் வந்து நின்றது. ஊரில் பழகின சொல், தானாக வருகிறது. அதை விழுங்கினேன்.

“பிள்ளை, ஒரு இடத்திலை இரு,” என்றேன். “பிள்ளையளும் பக்கத்திலை நிக்கினமோ?”

“ஓம். என்ன?”

“குலம் மாமா செத்துப்போனார். நேற்றுக் காலமை. நித்திரையிலை. நான் பக்கத்திலை இருந்தனான். எரிக்கிறது வர்ற வியாழன், நீ வந்திடுவாய். ஓடி வரத் தேவையில்லை.”

படம் ஆடி, நிலம் தெரிந்தது, மரச்செருப்புப் போட்ட கால்கள் தெரிந்தன. மேளம் கேட்டுக்கொண்டே இருந்தது. துருக்கிப் பிள்ளை அவளைப் பிடித்துக்கொண்டது குரலில் தெரிந்தது. சரசு சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். நாங்கள் மூன்று பேரும் அப்படியே அழுதோம். ஒருவரும் எங்கும் போகவில்லை.

கொஞ்ச நேரத்தால் மகளின் முகம் வந்தது.

“அம்மா சொல்ல வேண்டாமெண்டு சொல்லியிருப்பா.”

“ஓம்.”

மூக்கை அந்தப் பூச்சட்டைக் கையால் துடைத்தாள். “அப்பா, இஞ்சை விளக்கு விக்கினம். மாமாவின்ரை பேரை எழுதி விடட்டோ? தமிழிலை எழுதவேணும். எனக்கு எழுத்துத் தெரியாது. நீங்கள் எழுதிப் படம் எடுத்து அனுப்புங்கோ. பாத்துக் கீறுறன்.”

கடைப் பில் எழுதுகிற கொப்பியில் ஒரு தாளைக் கிழித்தேன். பெரிய எழுத்தாக, பிள்ளை பார்த்துக் கீறக்கூடியதாக, குலசிங்கம் என்று எழுதினேன். என் எழுத்து எப்போதும் கோழி கிண்டினது மாதிரி இருக்கும், அதைக் குலம் எத்தனையோ தரம் பகிடி பண்ணியிருக்கிறான். பேனையை வைக்கப் போனேன். வைக்கவில்லை. கீழே இன்னொரு பேரை எழுதினேன். சரசு அதைப் பார்த்தாள். படம் எடுத்து அனுப்பினாள்.

“அப்பா, ரெண்டு பேர் இருக்கு.”

“ஓம். ரெண்டு விளக்கு வாங்கு.”

“மற்றது ஆர்?”

இத்தனை வருடமும் நானோ, குலமோ, கனடாவில் இருக்கிற பற்றிக்கோ ரவி என்ன ஆனான் என்ற கேள்விக்குப் பதில் சொன்னதில்லை. கடிதங்களில், படிவங்களில், திவச நாட்களில், ஒரு இடத்திலும் நாங்கள் அதைச் சொல்லவில்லை. முதலில் சொல்லியிருக்க வேண்டியவன் நான்.

“ரவீந்திரன்,” என்றேன். “மாமாவின்ரை தம்பி. செத்துப்போனான்.”

“எப்ப?”

“எண்பத்தாறிலை. வா, வந்தாப்பிறகு முழுக்கச் சொல்லுறன். இப்ப விளக்கை விடு.”

அரை மணித்தியாலத்துக்குப் பிறகு படம் வந்தது. கறுத்த தண்ணீரில் எத்தனையோ விளக்கு, எல்லாவற்றிலும் எனக்குத் தெரியாத எழுத்து. நடுவில் இரண்டு மட்டும் எங்கள் எழுத்து. குலசிங்கத்தைச் சரியாகக் கீறியிருந்தாள். ரவீந்திரனில் ‘வீ’க்கு மேலே இருக்கிற சுழியை விட்டுவிட்டாள், அது ரவிந்திரன் என்று இருந்தது. திருத்துகிறவன் மற்ற விளக்கில் பக்கத்திலேயே போய்க்கொண்டிருந்தான். நான் அப்படியே விட்டுவிட்டேன்.